12 ஜி.சி.எஸ்.ஈ.க்குச் சமம்: ஓர் அக்கடமிப் பாடசாலையின் சதவீதமும் ஒரு மாணவியின் பெறுபேறும்

இங்கிலாந்தின் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையில் 12 சித்திக்குச் சமம் என்று பாடசாலை கணக்கிட்ட பெறுபேறு, ஒரு மாணவிக்கு விரும்பிய பாடத்துக்கு இடம் பெற்றுத்தராத கதை இது. இந்த நிகழ்வு 2006 வசந்தகாலத்தில் தொடங்கி 2011 இலையுதிர்காலத்தில் முடிந்தது. இடம் வெளி லண்டன். மாணவியின் குடும்பம் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் கற்பிப்பவன். பாடசாலைக் கடிதங்களோடு வரும் பெற்றோருக்கு அவற்றை வாசித்துச் சொல்வதும் அங்கே என் வேலையாக இருந்தது. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பாடசாலையின் பெயரையோ அது வெளியிட்ட தேர்ச்சிச் சதவீதங்களையோ தரவில்லை. சதவீதத்தைத் தந்தால் பெயரைக் கண்டுபிடிப்பது கடினமல்ல.

பின்னணி: அனுசரணையாளர் வந்த கதை

தனியார் அனுசரணையோடு அரச பாடசாலை நடத்தும் திட்டத்தை ரொனி பிளேயரின் அரசு 2000ஆம் ஆண்டு அறிவித்தது. அப்போதைய கல்வி அமைச்சர் டேவிட் பிளங்கெற். ‘அக்கடமி’ எனப்பட்ட இப்பாடசாலைகளில் முதல் மூன்று 2002 செப்டெம்பரில் திறந்தன. வறுமை கூடிய பகுதிகளில், பெறுபேறு குறைந்த பாடசாலைகளை மூடி, அதே பிள்ளைகளைக் கொண்டு புதிய பெயரில் திறப்பதுதான் அன்றைய ஏற்பாடு. ஒரு கம்பனி, தேவாலயம், அறக்கட்டளை அல்லது வசதி படைத்த தனிநபர் 20 லட்சம் பவுண்ட் வரை தந்தார். கட்டடச் செலவு அதைவிடப் பல மடங்கு. மீதியை அரசு போட்டது. ஆசிரியர் சம்பளம் முதல் மின்கட்டணம் வரை ஆண்டுச் செலவு முழுவதும் பொதுப்பணம்.

அந்த 20 லட்சத்துக்கு அனுசரணையாளருக்குக் கிடைத்தது நிர்வாகசபையில் பெரும்பான்மை. அன்றைய ஒப்பந்தங்களின்படி பெற்றோர் சார்பில் ஒருவர் இருந்தாலே போதும். உள்ளூர் கவுன்சிலுக்குப் பாடசாலைமேல் அதிகாரம் இல்லை. ஒப்பந்தம் நேரே கல்வி அமைச்சருடன். தேசிய பாடத்திட்டத்திலும் கணிசமான விலக்கு இருந்தது. இவையெல்லாம் சுதந்திரம் என்று சொல்லப்பட்டன. சில இடங்களில் அது உண்மையிலேயே நல்ல சுதந்திரமாகவும் இருந்தது.

எதிர்ப்பு தொடக்கத்திலேயே வந்தது. 2005 மார்ச்சில் நாடாளுமன்றக் கல்விக் குழு, சரியான மதிப்பீடு வருமுன் இத்தனை வேகமாகத் திட்டத்தை விரிப்பதைக் குறைகூறியது. அரசு நிற்கவில்லை. 2010க்குள் 200 என்றிருந்த இலக்கை 2006 இறுதியில் பிளேயர் 400 ஆக்கினார். 2006 செப்டெம்பரில் நாட்டில் திறந்திருந்தவை 46.

எமது மாணவியின் பாடசாலையும் அந்த ஆரம்பகாலக் கூட்டத்தைச் சேர்ந்தது. பழைய கவுன்சில் பாடசாலையைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு இருக்கவில்லை. கண்ணாடிச் சுவரும் கழுத்து ரையுமாக அக்கடமி வந்தபோது, தமிழ்ப் பெற்றோர் பலர் பஸ் ஏறிப் போகவேண்டியிருந்தாலும் பிள்ளைகளை அங்கே சேர்த்தார்கள். அறிமுக மாலையில் கையில் தந்த பிரசுரத்தில் ஒரு வரைபடம்: ஐந்தும் அதற்கு மேலும் நல்ல சித்திகள் பெற்றோர் சதவீதம், ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போனது. மாணவியின் தகப்பனார் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. அந்தப் பிரசுரத்தை மடித்து வைத்திருந்து, சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்ட உறவினருக்கெல்லாம் காட்டியவர்.

சதவீதம் எப்படி ஏறும்

இதை விளங்கிக்கொள்ளாமல் மிச்சத்தை விளங்கமுடியாது. ஆகவே சற்று நின்று சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் பரீட்சை ஜி.சி.எஸ்.ஈ. அக்காலத்தில் ஒரு பாடசாலையின் தரத்தை ஒரே எண்ணால் பேசினார்கள்: மாணவரில் எத்தனை பேர் ஐந்து பாடங்களில் சி அல்லது அதற்கு மேல் எடுத்தார்கள் என்பது. ஆனால் அந்த ஐந்தும் ஜி.சி.எஸ்.ஈ.யாக இருக்கவேண்டும் என்றில்லை. தொழில்சார் தகைமைகளுக்கும் ‘சமமதிப்பு’ வழங்கப்பட்டது. ஜி.என்.வி.கியூ. என்ற தகைமையின் இடைநிலைச் சான்றிதழ் ஒன்று நான்கு ஜி.சி.எஸ்.ஈ.க்குச் சமம். தகவல் தொழில்நுட்பத்தில் அதை எடுத்து, கூட வேறு எதிலாவது ஒரு சி எடுத்தால் ஐந்து வந்துவிடும். ஆங்கிலமும் கணிதமும் சித்தியடையாத பிள்ளையும் கணக்கில் வெற்றியாளர்.

இந்த ஓட்டை பெரிதாகப் பேசப்பட்ட பிறகு, 2006 பெறுபேறுகளிலிருந்து, பாடசாலைகளை ஒப்பிட அரசு வெளியிடும் அட்டவணையில் புதிய நிரல் ஒன்று சேர்ந்தது: ஆங்கிலம், கணிதம் உட்பட ஐந்து. பல பாடசாலைகளின் எண் அந்த நிரலில் விழுந்தது. 2007 பெப்ரவரியில் தேசிய கணக்காய்வு அலுவலகம் அக்கடமிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையும் இரண்டு பக்கத்தையும் சொன்னது: ஜி.சி.எஸ்.ஈ. பெறுபேறு மற்றப் பாடசாலைகளைவிட வேகமாக உயர்கிறது. ஆங்கிலமும் கணிதமும் சேர்த்துப் பார்த்தால் நிலை இன்னும் தாழ்வு.

ஆனால் புதிய நிரலிலும் வழி இருந்தது. ஆங்கிலத்தில் சி, கணிதத்தில் சி, நான்குக்குச் சமமான தகைமை ஒன்று. மூன்றே பாடத்தில் ஆறு. ஜி.என்.வி.கியூ. 2007இல் மறைந்தாலும், அந்த இடத்துக்கு ஓ.சி.ஆர். நஷனல், பீரெக் ஃபேர்ஸ்ட் டிப்ளோமா ஆகிய தொழில்சார் தகைமைகள் ஏற்கெனவே வந்து நின்றன. இவற்றுக்கு அப்போது வெளிப் பரீட்சை இல்லை. கோப்பு சேர்க்கவேண்டும், பாடசாலை ஆசிரியரே மதிப்பிடுவார், குறை இருந்தால் திருத்தித் திரும்பக் கொடுக்கலாம்.

2006 வசந்தம்: பாடத்தெரிவுப் படிவம்

மாணவி அப்போது 9ஆம் ஆண்டில். அடுத்த இரண்டு ஆண்டும் எதைப் படிப்பது என்று தெரிவுசெய்யும் படிவம் வீட்டுக்கு வந்தது. அதில் நிறம் தீட்டிய ‘வழிகள்’ இருந்தன. ஒரு நிறத்தில் சரித்திரம், பிரெஞ்சு, விஞ்ஞான ஜி.சி.எஸ்.ஈ.கள். இன்னொரு நிறத்தில் பீரெக் செயல்முறை விஞ்ஞானம், தகவல் தொழில்நுட்பம். பிந்திய இரண்டு பாடங்களுக்கும் பக்கத்தில் ‘4 ஜி.சி.எஸ்.ஈ.க்குச் சமம்’ என்ற குறிப்பு. எந்த நிறம் என்பதைப் பாடசாலை ஏற்கெனவே குறித்து அனுப்பியிருந்தது. பெற்றோர் செய்யவேண்டியது கையெழுத்து.

இவளுக்கு இரண்டாவது நிறம். காரணம், முந்தைய ஆண்டு ஆங்கிலத்தில் அவள் வாங்கிய நிலை. வீட்டில் தமிழ் பேசி, ஏழு வயதில் இங்கிலாந்துக்கு வந்த பிள்ளை. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் அவள் முன்வரிசை. ஆனால் வழியைப் பிரித்தது ஆங்கில எண். 14 வயதில் அப்போது இருந்த தேசியப் பரீட்சை மே மாதத்தில்தான் நடக்கும், பெறுபேறு கோடையில்தான் வரும். படிவமோ அதற்கு முன்பே முடிந்துவிட்டது. பின்னர் வந்த தாளில் அவளுக்கு விஞ்ஞானத்தில் 6ஆம் நிலை, நல்ல நிலை. அதற்குள் கால அட்டவணை பூட்டியாயிற்று.

பெற்றோர் கையெழுத்திட்டதில் எனக்கு வியப்பு இல்லை. நான்கு பாடம் ஒரே பாடத்தில் கிடைக்கிறது என்று எழுதித் தந்தால், இலங்கையில் ஓ.எல்., ஏ.எல். பார்த்து வளர்ந்தவர்கள் அதைப் பாடசாலை தரும் சலுகை என்றுதான் எடுப்பார்கள்.

2007 இலையுதிர்காலம்: கவனித்தவை

விஷயம் வெளியே வந்தது, 16 வயதுக்குப் பின் ஏ லெவல் படிக்கும் சிக்ஸ்த் ஃபோம் கல்லூரி ஒன்றின் திறந்த நாளில். மாணவிக்கு மருந்தாளராகும் எண்ணம். ஏ லெவலில் இரசாயனவியல், உயிரியல், கணிதம் படிக்கவேண்டும் என்று அவளே தேடி அறிந்திருந்தாள். இரசாயனவியல் மேசையில் இருந்தவர் அவளுடைய பாடப் பட்டியலைப் பார்த்துவிட்டு, விஞ்ஞான ஜி.சி.எஸ்.ஈ.யில் பி வேண்டும், பீரெக் இதற்குப் போதாது என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. கல்லூரியின் விதி அது.

அடுத்த சனிக்கிழமை தாயார் வந்தார்.

“சேர், இவளுக்குப் பன்னிரண்டு எண்டு பள்ளிக்கூடம் போட்டிருக்கு. காலேஜில விஞ்ஞானமே இல்லை எண்டு சொல்லுகினம். ஆர் சொல்லுறது சரி?”

இருவர் சொன்னதும் சரி. பட்டியலை வைத்துக் கூட்டிப் பார்த்தோம். பீரெக் செயல்முறை விஞ்ஞானம் நான்கு. தகவல் தொழில்நுட்பம் நான்கு. ஆங்கிலம், ஆங்கில இலக்கியம், கணிதம், சமயம் தலா ஒன்று. மொத்தம் 12. உண்மையில் ஆறு பாடம். சரித்திரம் இல்லை, புவியியல் இல்லை, பிறமொழி இல்லை.

அவளுடைய விஞ்ஞானக் கோப்பைக் கொண்டுவரச் சொன்னேன். தடித்த வளையக் கோப்பு, ஒவ்வொரு தாளும் பிளாஸ்டிக் உறைக்குள். வீட்டில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று ஒரு சுவரொட்டி. ஆய்வுகூடப் பாதுகாப்பைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம். ஒரு மருத்துவமனைக் கதிரியக்கப் பிரிவில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று இணையத்திலிருந்து எடுத்த விவரம். ஒவ்வொன்றின் முன்னாலும் ஆசிரியரின் குறிப்புத்தாள்: “‘விவரிக்கவும்’ என்பதை ‘விளக்கவும்’ ஆக்கினால் மெரிட் தரம் கிடைக்கும்.” அடுத்த உறையில் அதே பக்கம், அந்த ஒரு பந்தி மட்டும் நீண்டு. வேலை சுத்தமாக, அக்கறையோடு செய்யப்பட்டிருந்தது. சமன்படுத்திய இரசாயனச் சமன்பாடு ஒன்றைக்கூட அந்தக் கோப்பில் நான் காணவில்லை. இரசாயனவியலின் அடிப்படை அலகான மோல் என்றால் என்னவென்று கேட்டேன். அவள் கேள்விப்பட்டிருக்கவில்லை.

பாடசாலை சொன்ன காரணங்கள்

தாயாரும் நானும் பிரதி அதிபரைச் சந்தித்தோம். மரியாதையான மனிதர், நேரம் ஒதுக்கிப் பேசினார். அவர் சொன்னவற்றைக் கூடியவரை அவர் பக்கத்திலிருந்தே எழுதுகிறேன்.

பௌதிகவியல் ஆசிரியர் இடம் நீண்டகாலமாக வெறுமை. நாளுக்கு நாள் மாறும் தற்காலிக ஆசிரியர்களை வைத்து ஜி.சி.எஸ்.ஈ. நடத்தினால் பிள்ளைகள் தோற்பார்கள். பழைய பாடசாலையில் ஒரு சான்றிதழும் இல்லாமல் வெளியேறியவர்கள் ஏராளம். பீரெக் அவர்களைப் பாடசாலைக்கு வரவைத்தது. மூன்றாவது காரணத்தை அவர் சற்றுத் தயங்கித்தான் சொன்னார். சதவீதம் உயரும் என்று சொல்லித்தான் இந்தப் பாடசாலை திறக்கப்பட்டது. அனுசரணையாளரும் அமைச்சும் ஒவ்வோர் ஓகஸ்டிலும் கேட்பது அந்த ஒரு எண்ணை.

முதலிரண்டு காரணங்களையும் நான் ஏற்கிறேன். வகுப்பில் ஒட்டாத ஒரு பையனுக்கு அந்தக் கோப்பு நன்மை செய்திருக்கும். இந்த மாணவிக்கு அது பொருந்தாது. அவளைப் போன்ற ஒரு வகுப்பே அந்த வழியில் இருந்தது. சி எடுக்கக்கூடிய பிள்ளைக்கும் ஏ எடுக்கக்கூடிய பிள்ளைக்கும் அட்டவணையில் ஒரே பெறுமதி. அதனால் ஏ எடுக்கக்கூடியவளை உறுதியான ‘நான்கு’ உள்ள இடத்தில் உட்கார்த்துவதால் பாடசாலைக்கு நட்டம் எதுவும் இல்லை.

சென்ற ஆண்டுப் பெறுபேற்றைப் பாடவாரியாகத் தரமுடியுமா என்று கேட்டேன். எத்தனை பேர் ஜி.சி.எஸ்.ஈ. விஞ்ஞானம், எத்தனை பேர் பீரெக் என்று தெரிந்தால் போதும். அதை வெளியே கொடுப்பதில்லை என்றார். சாதாரண கவுன்சில் பாடசாலையாக இருந்திருந்தால் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டிருக்கலாம். அக்கடமிகளுக்கு அந்தச் சட்டம் அப்போது பொருந்தாது. பொதுப்பணத்தில் நடக்கும் பாடசாலை எந்தப் பாடத்தில் எத்தனை பேரைத் தேற்றினது என்று கேட்கப் பெற்றோருக்கு அன்று உரிமை இருக்கவில்லை. என்னைக் கேட்டால், அக்கடமிகள் மீதான விமர்சனங்களில் ஆகக் கனமானது இதுதான். அனுசரணையாளரின் நோக்கம் என்ன, அவருக்கு அரச கௌரவப் பட்டம் கிடைத்ததா என்பதெல்லாம் பத்திரிகைக்குச் சுவையான செய்தி. பெற்றோருக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு பக்க அட்டவணை.

முன்னால் இருந்த வழிகள், எடுத்த முடிவு

கவுன்சிலுக்கு எழுதினோம். அக்கடமி எங்கள் பொறுப்பில் இல்லை என்று பதில் வந்தது. அமைச்சுக்கு எழுதலாம் என்றார் மாணவியின் மாமா. வேண்டாம் என்று முடிவுசெய்தோம். பதில் வந்து, விசாரித்து, எதாவது மாறுவதற்குள் பரீட்சை முடிந்துவிடும். அந்த நேரத்தில் தாயாரின் சக்தியைக் கடிதம் எழுதுவதில் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை. 11ஆம் ஆண்டில் பாடசாலை மாறுவதும் நடக்காத காரியம்.

ஜி.சி.எஸ்.ஈ. விஞ்ஞானத்தை வெளியே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாமா என்று பார்த்தோம். அதில் பாடசாலையில் செய்து மதிப்பிடவேண்டிய செயல்முறைப் பகுதி அப்போது இருந்தது. அதை மேற்பார்வை செய்ய எந்த நிலையமும் முன்வரவில்லை. மிஞ்சியது சர்வதேச ஜி.சி.எஸ்.ஈ. அதில் செயல்முறைக்குப் பதிலாக எழுத்துத்தாள் உண்டு. அக்காலத்தில் தனியார் பாடசாலைகள் அதை எழுதின; அரச பாடசாலைகளுக்கு 2010இல்தான் அனுமதி வந்தது. ஒரு தனியார் நிலையம் கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்க்கச் சம்மதித்தது.

உயிரியலும் இரசாயனவியலும் இரண்டையும் எழுத வேண்டும் என்று தகப்பனார் நின்றார். ஒன்று மட்டும் போதும் என்றேன் நான். ஆங்கிலத்தில் அவள் சி எல்லைக்கோட்டில் நிற்கிறாள். இரண்டு புதிய பாடத்தை மேலே போட்டு ஆங்கிலம் விழுந்தால் எந்தக் கல்லூரியும் எடுக்காது. மருந்தியலுக்கு இரசாயனவியல் இல்லாமல் முடியாது, உயிரியலைப் பிறகு பிடிக்கலாம். ஆகவே 2008 கோடையில் இரசாயனவியல் மட்டும். எங்கள் பழைய மாணவர் ஒருவர், அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர், ஞாயிறுகளில் சொல்லிக்கொடுத்தார்.

கணிதம் நன்றாக இருந்ததால் மோல் கணக்குகளை அவள் வேகமாகப் பிடித்தாள். இடறியது செயல்முறைத் தாளில். திரவம் அளக்கும் கண்ணாடிக் குழாயான பியூரெற்றின் படத்தைப் போட்டு அளவை வாசிக்கச் சொல்வார்கள். பூச்சியம் மேலே இருக்கும், எண் கீழ்நோக்கிக் கூடும். கையில் ஒருமுறை பிடித்தவருக்கு அது கேள்வியே அல்ல. இவள் அளவுச்சாடி வாசிப்பதுபோல் கீழிருந்து வாசித்தாள். சொல்லித் திருத்தினோம், அடுத்த மாதிரித் தாளில் வேறொரு கருவி, அதே இடறல். இத்தனைக்கும் அவள் படித்த பாடத்தின் பெயரில் ‘செயல்முறை’ என்ற சொல் இருந்தது.

2008 ஓகஸ்ட்: இரண்டு பெறுபேறுகள்

பாடசாலைக் கணக்கில்: விஞ்ஞானம் மெரிட், தகவல் தொழில்நுட்பம் டிஸ்ரிங்ஷன், கணிதம் பி, சமயம் பி, ஆங்கிலம் இரண்டிலும் சி. ஆங்கிலம், கணிதம் உட்பட ஐந்துக்கு மேல் நல்ல சித்தி, மொத்தம் 12. பாடசாலையின் செய்திமடலில் படம் வந்தது. அந்த ஆண்டும் சதவீதம் ஏறியது, அதில் அவளும் ஒருத்தி.

அதே ஆண்டு ஜூனில் அரசு ‘தேசிய சவால்’ என்று ஒன்றை அறிவித்திருந்தது. ஆங்கிலம், கணிதம் உட்பட ஐந்து நல்ல சித்தி பெறுவோர் 30 சதவீதத்துக்குக் கீழே உள்ள 638 பாடசாலைகள் பட்டியலிடப்பட்டன. முன்னேறாவிட்டால் மூடி அக்கடமியாக்கலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே. ஏற்கெனவே அக்கடமியாக இருப்பவை என்ன ஆகும் என்ற கேள்வியை அதிபர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிரதி அதிபரின் மூன்றாவது காரணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போது இன்னும் தெளிவாக விளங்கியது.

வெளியே எழுதிய இரசாயனவியலில் சி. கல்லூரி கேட்டது பி. ஏ லெவல் இடம் இல்லை.

பின் நடந்தவை

கல்லூரி வேறொன்றைக் கொடுக்கத் தயாராக இருந்தது: உயர்நிலை பீரெக் விஞ்ஞானம், உடனே தொடங்கலாம். தகப்பனார் அதை எடுக்கச் சொன்னார்; ஒரு வருடம் வீணாகக் கூடாது. அவருடைய கவலை நியாயமானது, வீட்டில் இளையவன் ஒருவனும் இருக்கிறான். நாங்கள் மருந்தியல் துறைகள் சிலவற்றை அழைத்துக் கேட்டோம். இரசாயனவியல் ஏ லெவல் இல்லாமல் விண்ணப்பத்தைப் பார்ப்பதில்லை என்றார்கள். முடிவை மாணவியே எடுத்தாள்: ஒரு வருடம் போனாலும் பரவாயில்லை, ஏ லெவல்தான்.

அவ்வருடம் ஒரு தொழிற்கல்லூரியில் மீள்பரீட்சை வகுப்பில் சேர்ந்தாள். அங்கே முதன்முறையாக பியூரெற்றைக் கையில் பிடித்தாள். 2009 கோடையில் இரசாயனவியலும் உயிரியலும் பி. அந்த செப்டெம்பரில் ஏ லெவல் தொடங்கியது, தன்னைவிட ஒரு வயது குறைந்தவர்களோடு. வாரத்துக்கு 30 பவுண்ட் வரை தந்த கல்விக் கொடுப்பனவு அப்போது இருந்தபடியால் பஸ் செலவும் புத்தகமும் சமாளிக்க முடிந்தது.

2011இல் கணிதம் பி, உயிரியல் பி, இரசாயனவியல் சி. மருந்தியலுக்குப் போதவில்லை. லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிர்மருத்துவ விஞ்ஞானம் கிடைத்தது. அவள் நுழைந்த ஆண்டு கட்டணம் 3,375 பவுண்ட். அடுத்த ஆண்டு நுழைந்தவர்களுக்கு 9,000 வரை. இன்னொரு வருடம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தாயார் இன்றும் கணக்குப் பார்ப்பார். மகள் இப்போது மருத்துவமனை ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறாள். பிடித்த வேலைதான் என்கிறாள். மருந்தியல் கிடைக்காமல் போனதற்குப் பாடசாலைதான் முழுக் காரணம் என்று என்னால் நிறுவமுடியாது. ஏ லெவலில் சி வாங்குபவர்கள் எல்லாப் பாடசாலையிலும் உண்டு. தொடக்கத்தில் இரண்டு வருடம் பின்னால் நின்றாள் என்பதைமட்டும் நிறுவமுடியும்.

இதை அக்கடமிகளின் குற்றம் எனலாமா

முழுவதுமாக இல்லை. சமமதிப்பு விளையாட்டைக் கவுன்சில் பாடசாலைகளும் விளையாடின. 16 வயதுக்குள் பாடசாலைகளில் எடுக்கப்பட்ட இத்தகைய தகைமைகள் 2004இல் 15,000 ஆக இருந்து 2010இல் 5,75,000 ஆனதாகக் கல்வித் திணைக்களமே பின்னர் சொன்னது. நகப்பூச்சுத் தொழில்நுட்பம் இரண்டு ஜி.சி.எஸ்.ஈ.க்குச் சமம், குதிரைப் பராமரிப்பு நான்குக்குச் சமம் என்று பத்திரிகைகள் எழுதிச் சிரித்தன.

மறுபக்கத்தில், லண்டனின் ஹக்னியில் 2004இல் திறந்த மொஸ்போர்ன் அக்கடமி, 2009இல் தன் முதல் ஜி.சி.எஸ்.ஈ. அணியோடு, ஆங்கிலம், கணிதம் உட்பட 80 சதவீதத்தைத் தாண்டியது. வறுமை மிகுந்த பகுதி அது. ஆய்வாளர்களும் ஒரே குரலில் பேசவில்லை. ஸ்டீபன் மேச்சின், ஜோன் வில்சன் இருவரும் 2008இல் செய்த ஒப்பீட்டில், அக்கடமிகளின் உயர்வு அவற்றை ஒத்த மற்றப் பாடசாலைகளின் உயர்விலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. அதே மேச்சின், ஜேம்ஸ் வெர்னுவாவுடன் சேர்ந்து சில ஆண்டுகளின் பின் கூடிய தரவோடு பார்த்தபோது, ஆரம்பகால அக்கடமிகளில் உண்மையான முன்னேற்றம் தெரிந்தது.

எனவே ‘அக்கடமி நல்லதா கெட்டதா’ என்று கேட்டால் இந்த நிகழ்விலிருந்து பதில் வராது. இதில் தெரிவது குறுகிய ஒன்று. பெயர் மாற்றித் திறந்த நாளிலிருந்தே உயர்வைக் காட்டவேண்டிய கட்டாயம். எந்தப் பாடத்தைக் கொண்டு காட்டுவது என்பதில் சுதந்திரம். பெறுபேற்றைப் பாடவாரியாக உடைத்துக் காட்டவேண்டிய கடமை இல்லை. மூன்றும் சேர்ந்த இடத்தில் இவள் அகப்பட்டாள். கவுன்சில் பாடசாலையில் மூன்றாவது இருந்திருக்காது. முதலாவதும் இத்தனை கடுமையாக இருந்திருக்காது.

மாறியவை, நாங்கள் மாற்றியவை

2010ஆம் ஆண்டு அக்கடமிச் சட்டம் தகவல் அறியும் கடமையை அக்கடமிகளுக்கும் விரித்தது. 2011 ஜனவரியிலிருந்து நடைமுறை. அதே மாதம் வெளிவந்த அட்டவணையில் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், ஒரு மொழி, சரித்திரம் அல்லது புவியியல் என்ற தொகுப்புக்குத் தனி நிரல் போட்டார்கள். பாராட்டுப் பெற்றிருந்த சில பாடசாலைகளுக்கு அங்கே பூச்சியம். மார்ச்சில் பேராசிரியர் அலிசன் வூல்ஃப் தொழிற்கல்வி பற்றிய அறிக்கையைக் கொடுத்தார். 2012 ஜனவரியில், அட்டவணையில் எண்ணப்படும் சமமதிப்புத் தகைமைகளை 3,175இலிருந்து 125 ஆகக் குறைப்பதாக அறிவித்தார்கள். 2014 அட்டவணையிலிருந்து எந்தத் தொழில்சார் தகைமையும் ஒன்றுக்கு மேல் பெறாது, மொத்தம் இரண்டுக்கு மேல் எண்ணப்படாது என்றார்கள். ‘நான்குக்குச் சமம்’ என்ற குறிப்பு அத்தோடு ஒழிந்தது. கணக்கு மாறியதும் பாடசாலைகளும் மாறின. மாணவியின் தம்பிக்கு அதே அக்கடமியிலிருந்து வந்த படிவத்தில் பிரெஞ்சும் புவியியலும் கட்டாயம் என்று இருந்தது. அவனுக்கோ கையால் செய்யும் வேலையில்தான் விருப்பம். பீரெக் பொறியியல் இருக்கிறதா என்று கேட்டான், எடுத்துவிட்டோம் என்றார்கள்.

எங்கள் தமிழ்ப் பாடசாலையில் செய்தது சிறியது. ஒவ்வொரு ஜனவரியிலும், படிவம் வீட்டுக்கு வருமுன், பாடத்தெரிவு செய்யவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோரைக் கூட்டி உட்கார்த்துகிறோம். பாடத்தெரிவைப் பாடசாலையிலிருந்து முன்னோக்கிப் பார்க்காமல், பிள்ளை போக விரும்பும் கல்லூரியின் நுழைவு விதியிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்கிறோம். நுழைவு விதிப் புத்தகத்தை இரண்டு வருடம் முன்பே கேட்டால் கல்லூரிகள் மறுப்பதில்லை. பாடசாலையில் கேட்கவேண்டியவையும் கொஞ்சம்தான்: இந்தப் பாடத்தை எடுத்த சென்ற ஆண்டுப் பிள்ளைகள் இப்போது எங்கே படிக்கிறார்கள், இந்த வழியில் என் பிள்ளையைப் போட்டது எந்தப் பெறுபேற்றை வைத்து, கோடைப் பெறுபேறு வேறுமாதிரி வந்தால் செப்டெம்பரில் மாற்றலாமா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் ‘மாற்றலாம்’ என்றுதான் பதில் வருகிறது. அதை எழுத்தில் வாங்கச் சொல்கிறோம்.

நிறத்தைப் பாடசாலை குறித்து அனுப்பினால் அது முடிந்த காரியம் என்று எடுக்கும் பழக்கம் இன்னும் எங்கள் பெற்றோரிடம் உண்டு. ஆங்கிலம் தயங்கும் தாய்மாரோடு யாராவது ஒருவர் கூடப் போகவேண்டியிருக்கிறது. அதற்கு ஆட்கள் போதவில்லை. சென்ற ஜனவரியில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் தகப்பன்மார் வரவில்லை, இரவு வேலை.